லேக் லூயிஸ்: ஏரிக்கும் ஊருக்கும் கிளம்பும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், பான்ஃப் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது லேக் லூயிஸ். போய்ச் சேர்ந்துவிட்டால் ஏரியைப் பார்ப்பதில் ஒரு சிரமமும் இல்லை. போய்ச் சேர்வதில்தான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். அதனால் இந்தப் பக்கத்தில் அழகைப் பற்றிய பேச்சு கொஞ்சமாகவும் பேருந்தைப் பற்றிய பேச்சு கூடுதலாகவும் இருக்கும்.

லேக் லூயிஸ் என்பது ஏரியின் பெயரா, ஊரின் பெயரா?

இரண்டுக்கும் அதே பெயர்தான், குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது. ஊர் பள்ளத்தாக்கில், போ (Bow) என்ற ஆற்றின் ஓரமாக, நெடுஞ்சாலையையும் ரயில் பாதையையும் ஒட்டி இருக்கிறது. ஏரி அங்கிருந்து சாலை வழியாக சுமார் 4 கி.மீ. தள்ளி, கிட்டத்தட்ட 200 மீட்டர் மேலே, கடல் மட்டத்திலிருந்து 1,731 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. "லேக் லூயிஸில் அறை" என்று பதிவு செய்துவிட்டு, ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரியும் என்று நம்பி வருபவர்கள் உண்டு. கரையிலேயே இருப்பது ஷாட்டோ லேக் லூயிஸ் என்ற பெரிய விடுதி ஒன்றுதான். டியர் லாட்ஜ் அங்கிருந்து சில நிமிட நடை. மற்ற விடுதிகள் பெரும்பாலும் கீழே ஊரில்தான்.

ஊரிலிருந்து ஏரிக்கு நடந்தும் போகலாம். லூயிஸ் கிரீக் பாதை 2.8 கி.மீ., ஓடையை ஒட்டிச் செங்குத்தாக ஏறும். டிராம்லைன் பாதை சுமார் 4.5 கி.மீ., ஏற்றம் தெரியாமல் ஏறும். 1912 முதல் 1930 வரை ரயில் நிலையத்திலிருந்து விடுதிக்குப் பயணிகளை ஏற்றிச் சென்ற டிராம் வண்டியின் தடம் அது. வண்டிக்காகப் போட்ட பாதை என்பதால்தான் சரிவு அவ்வளவு சாது. பேருந்தில் இடம் கிடைக்காத நாளில் இந்த இரண்டு பாதைகளும் கைகொடுக்கும். இதை யோசிப்பவர்கள் மிகக் குறைவு.

எந்த மாதத்தில் போகலாம்?

நீல நிறத்துக்காகப் போகிறீர்கள் என்றால் ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை. ஏரி நவம்பரில் உறையத் தொடங்கி மே கடைசி அல்லது ஜூன் முதல் வாரம் வரை உறைந்தே கிடக்கும். மே மாத நீண்ட வாரயிறுதியில் வந்து, சாம்பல் நிறப் பனிக்கட்டியைப் படமெடுத்துக்கொண்டு திரும்பும் குடும்பங்களை ஆண்டுதோறும் பார்க்கலாம். அருகிலுள்ள பெருநகரான கால்கரியில் அப்போது வசந்தம். மேலே இன்னும் குளிர்காலத்தின் வால்.

ஜூலையில் கூட்டம் உச்சம், நிறமும் உச்சம். ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் முழுக்கக் காட்டுத்தீப் புகை வரக்கூடும். தீ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருந்தாலும் காற்று அதை இங்கே கொண்டுவந்து கொட்டும், எதிரே உள்ள மலையே மறைந்துவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் கிளம்பும் முன் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் மூன்றாம், நான்காம் வாரங்களில் லார்ச் மரங்கள் பொன்னிறமாகும். ஊசியிலை மரமாக இருந்தும் இலையுதிர்க்கும் மரம் இது. அந்தப் பத்துப் பதினைந்து நாட்களில் கூட்டம் ஜூலையையும் மிஞ்சும்.

எங்களைக் கேட்டால் ஜூலை முதல் பாதியில், ஒரு செவ்வாய் அல்லது புதன்கிழமை.

அந்த நிறம் உண்மையா, படத்தில் கூட்டியதா?

உண்மைதான். குளிர்காலத்தில் தண்ணீரை இறைத்துவிட்டு அடியில் பெயின்ட் அடிக்கிறார்கள் என்பது உள்ளூரில் சொல்லும் கிண்டல்.

நடப்பது இதுதான். ஏரியின் மறுகோடியில் நிற்கும் விக்டோரியா மலையில் பனியாறு ஒன்று தொங்குகிறது. பனியாறு தன் எடையால் மெல்ல நகரும்போது அடியில் சிக்கிய கற்கள் பாறையை அரைக்கின்றன. திரிகையில் அரைத்த மாவு போன்ற தூள் உண்டாகிறது. அதற்குப் பெயரே பாறை மாவுதான். அது உருகிய நீரோடு ஏரிக்கு வந்து, மிக நுண்ணிய துகள் என்பதால் படியாமல் நீரிலேயே மிதக்கிறது. வெயிலின் சிவப்பைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ள, நீலத்தையும் பச்சையையும் துகள்கள் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புகின்றன.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் புரியும். பனி உருகத் தொடங்கிய பிறகுதான் மாவு வரும், ஆகவே ஜூன் தொடக்கத்தில் நிறம் கரும்பச்சையாக இருக்கும். தண்ணீரில் வெயில் விழ வேண்டும், ஆகவே விடியற்காலையில் மலைமேல் ஒளி அற்புதமாக இருந்தாலும் ஏரி மங்கலாகத்தான் தெரியும். உயரத்திலிருந்து பார்த்தால் நிறம் அடர்த்தியாகத் தெரியும். கரையில் நின்று பார்ப்பவருக்கு வானத்தின் பிரதிபலிப்பு கலந்துவிடும். நண்பகலை ஒட்டி, நூறு மீட்டராவது மேலே ஏறிப் பாருங்கள்.

காரை ஏரிக்கரை வரை ஓட்டிப் போகலாமா?

லேக் லூயிஸுக்குப் போகலாம், ஆனால் நிறுத்த இடம் கிடைக்காது. மே நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை கரையோரப் பார்க்கிங்குக்குக் கட்டணம் உண்டு. நாளொன்றுக்கு 40 கனடிய டாலர் அளவில் வந்துவிட்டது. பணம் பிரச்சினை இல்லை, இடம்தான் பிரச்சினை: கோடையில் சூரியன் உதிக்கும்போதே நிரம்பிவிடும். நிரம்பியதும் கொடிக்காரர்கள் வண்டிகளைத் திருப்பி அனுப்பத் தொடங்குவார்கள், வாதாடிப் பயனில்லை.

காருடன்தான் வருவேன் என்பவர்களுக்கு இரண்டு நேரங்கள் உண்டு: விடிவதற்கு முன், அல்லது மாலை 6 மணிக்குப் பிறகு. ஜூன் கடைசியில் இரவு 10 மணி வரை வெளிச்சம் இருக்கும், ஆகவே மாலை 6 மணி என்பது அங்கே பிற்பகல் மாதிரிதான்.

பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருக்கும் மொரெய்ன் லேக்குக்கு இந்த யுக்தி எதுவும் பலிக்காது. அந்தச் சாலையில் 2023 முதல் தனியார் வாகனங்களுக்கு அனுமதியே இல்லை. ஜிபிஎஸ் சில நேரம் வழி காட்டும். முனையில் நிற்பவர் திருப்பி அனுப்பிவிடுவார். ஜூன் 1 முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை பேருந்து மட்டும். மற்ற மாதங்களில் பனிச்சரிவு அபாயத்தால் சாலையே மூடியிருக்கும்.

பார்க்ஸ் கனடா ஷட்டிலில் இடம் பிடிப்பது எப்படி?

இதுதான் முழுப் பயணத்தின் அச்சாணி, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

தேசியப் பூங்காக்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான பார்க்ஸ் கனடா விடும் இந்த ஷட்டில் பேருந்து ஏரிக்கரையிலிருந்து கிளம்பாது. நெடுஞ்சாலையின் மறுபக்கத்தில் உள்ள பனிச்சறுக்கு மையத்தின் பெரிய பார்க்கிங்கில் காரை இலவசமாக நிறுத்திவிட்டு அங்கிருந்துதான் ஏற வேண்டும். பெரியவருக்கு 8 டாலர், முதியோருக்கு 4 டாலர், 17 வயது வரை இலவசம் என்பது அண்மை ஆண்டுகளின் கட்டணம். இணையப் பதிவுக்குச் சில டாலர் கூடும். இலவசம் என்றாலும் பிள்ளைகளுக்கும் இருக்கை பதிவு செய்தே ஆக வேண்டும். "குழந்தைதானே, மடியில் வைத்துக்கொள்கிறோம்" என்பது எடுபடாது.

இடங்கள் இரண்டு தவணையாகத் திறக்கின்றன. ஒரு பகுதி ஏப்ரலில் மொத்தமாகத் திறக்கும். மீதி, பயண நாளுக்கு 48 மணி நேரத்துக்கு முன், ஆல்பர்ட்டாவின் நேரமான மலை நேரப்படி (Mountain Time) காலை 8 மணிக்குத் திறக்கும். இரண்டாவது தவணைதான் பெரியது. ஏப்ரலில் கிடைக்கவில்லை என்று பயணத்தையே கைவிட வேண்டாம். மலை நேரம் காலை 8 என்றால் டொராண்டோவில் 10 மணி. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் உட்கார்ந்து பதிவு செய்பவர்களுக்குக் கோடையில் அது மாலை 7.30.

கணக்கை முன்கூட்டியே திறந்து, கடவுச்சொல்லைச் சரிபார்த்து, 7.50-க்கே உள்நுழைந்து உட்காருங்கள். 8 மணிக்குக் கணக்குத் திறக்கத் தொடங்குபவருக்குக் காலை நேரங்கள் மிஞ்சாது. ஏரியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது மொரெய்னை எடுங்கள். எந்த ஏரிக்குச் சீட்டு வாங்கினாலும் இரண்டு ஏரிகளுக்கும் நடுவே ஓடும் இணைப்புப் பேருந்தில் அதே சீட்டு செல்லும். மொரெய்னுக்குத்தான் போட்டி அதிகம். அதைப் பிடித்துவிட்டால் லூயிஸ் கூடவே வந்துவிடும். போகும் பேருந்துக்கு மட்டும்தான் ஒரு மணி நேர வரம்பு, அதாவது பதிவு செய்த அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிட வேண்டும். திரும்பும் பேருந்தில் வரிசையில் நின்று ஏறிக்கொள்ளலாம். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். மொரெய்னில் கைப்பேசிச் சிக்னல் கிடையாது, அங்கே போய்த் தேட முடியாது.

கால்கரியிலிருந்து அன்று காலை கிளம்புபவர்கள் 10 மணிக்கு முந்தைய வரம்பைப் பிடித்துவிட்டு அவதிப்படுவார்கள். இரண்டு மணி நேர ஓட்டம், நுழைவாயிலில் வரிசை, கழிப்பறை நிறுத்தம், பார்க்கிங்கிலிருந்து நடை எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஷட்டிலில் இடமே கிடைக்கவில்லை. வேறு வழி?

பான்ஃப் நகரிலிருந்து ரோம் (Roam) என்ற பொதுப் பேருந்து வருகிறது. 8எக்ஸ் தடம் ஊர் வழியாக ஏரிக்கரை வரை வரும். ஒரு மணி நேரம். அதற்கும் முன்பதிவு செய்வது நல்லது. ரோமின் சூப்பர் பாஸ் வாங்கினால் ஏரிகளுக்கு இடையிலான இணைப்புப் பேருந்திலும் ஏறலாம், ஆக மொரெய்னும் கிடைத்துவிடும். தனியார் நிறுவனங்களும் பேருந்து விடுகின்றன. விடியலைப் பார்க்க அதிகாலை 4 மணிக்கே கிளம்பும் வண்டிகள்கூட உண்டு, விலைதான் பல மடங்கு.

பூங்கா அனுமதிச் சீட்டு தனியாக வாங்க வேண்டுமா?

ஆம். பேருந்துச் சீட்டு, பார்க்கிங் சீட்டு, பூங்கா அனுமதி மூன்றும் வெவ்வேறு. நெடுஞ்சாலையில் நிற்காமல் கடந்துபோக மட்டும் அனுமதி தேவையில்லை, நிற்பதானால் தேவை. ஒரே வண்டியில் வரும் ஏழு பேர் வரை ஒரு குடும்பச் சீட்டு போதும், 17 வயது வரை தனிச் சீட்டும் வேண்டாம். நாள் சீட்டு மறுநாள் மாலை 4 மணி வரை செல்லும். ஜாஸ்பர், யோஹோ பூங்காக்களுக்கும் அதே சீட்டுதான். ஒரு வாரம் தங்கும் குடும்பத்துக்கு ஆண்டுச் சீட்டே மலிவாக முடியலாம், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கால்கரியிலிருந்து சாலை எப்படி?

நகரிலிருந்து சுமார் 185 கி.மீ., முழுக்க நடுவே பிரித்த நான்குவழிப் பெருஞ்சாலை, சுங்கம் இல்லை. பான்ஃப் நகரிலிருந்து 57 கி.மீ. பூங்காவுக்குள் வேக வரம்பு மணிக்கு 90 கி.மீ. சாலையின் இருபுறமும் வேலி போட்டிருப்பதையும், மேலே மரம் முளைத்த பாலங்கள் குறுக்கே போவதையும் பார்ப்பீர்கள். அவை விலங்குகள் சாலையைக் கடப்பதற்காகக் கட்டியவை. கரடியும் எல்க் எனும் பெரிய மானும் உண்மையிலேயே பயன்படுத்துகின்றன. கால்கரியிலோ வழியில் வரும் கான்மோர் ஊரிலோ பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள், ஊரில் விலை கூடுதல்.

அவசரமில்லை என்றால் திரும்பும்போது 1ஏ என்ற பழைய சாலையில் கொஞ்ச தூரம் வாருங்கள். ஊரிலிருந்து சுமார் 5 கி.மீ.யில் மொரான்ட்ஸ் கர்வ் என்ற வளைவு: ஆறு, ரயில் பாதை, மலை மூன்றும் சேர்ந்து வளையும் இடம். கனடியன் பசிபிக் ரயில்வேக்குப் படமெடுத்த நிக்கலஸ் மொரான்ட்டின் பெயர் அது. சரக்கு ரயிலுக்கு நேர அட்டவணை கிடையாது, காத்திருந்தால் வரும்.

அம்மா, அப்பாவுக்கு முட்டி வலி. சிறு பிள்ளைகளும் உண்டு. எவ்வளவு நடக்க வேண்டும்?

பேருந்து நிற்கும் இடத்திலிருந்து கரைக்குச் சில நிமிடம்தான். கரையோரப் பாதை சமதளம். ஏரியின் நீளம் சுமார் 2 கி.மீ., அந்தக் கோடி வரை தள்ளுவண்டியோடு போய்வரலாம். விடுதிக்கு எதிரே சக்கர நாற்காலிக்கும் வசதியாகத் தளம் போட்டிருக்கிறது. பெரும்பாலானோர் விடுதி வாசலிலேயே நின்று படமெடுத்துக் கலைந்துவிடுவார்கள்; கால் மணி நேரம் நடந்தாலே கூட்டம் பாதியாகக் குறையும்.

கொஞ்சம் ஏற முடிந்தவர்களுக்கு ஃபேர்வியூ லுக்அவுட்: ஒரு பக்கம் 1 கி.மீ., 100 மீட்டர் ஏற்றம். குறுகியது என்றாலும் செங்குத்து. முட்டி வலிக்காரருக்கு இறங்கும்போதுதான் தெரியும்.

மொரெய்னில் கரையோரமாகக் கிடக்கும் பெரும் கற்குவியலின் உச்சிதான் எல்லாப் படங்களும் எடுக்கப்பட்ட இடம். 1969, 1979 வரிசை 20 டாலர் நோட்டின் பின்பக்கத்தில் இருப்பதும் இந்த ஏரிதான். முன்பக்கமாகக் கல் தாவி ஏறாதீர்கள். பின்பக்கம் படிக்கட்டுடன் பாதை இருக்கிறது. பத்துப் பதினைந்து நிமிடம். 1899-இல் வால்டர் வில்காக்ஸ் இந்தக் குவியலைப் பனியாறு தள்ளிவந்த மேடு என்று எண்ணி, அந்தப் பொருளில் மொரெய்ன் என்று பெயர் வைத்தார். மலைச்சரிவில் விழுந்த பாறைகளாகவே இருக்க வேண்டும் என்பது இப்போதைய கருத்து. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

தேநீர்க் கடைக்கு ஏறலாமா? எது நல்லது?

இரண்டு இருக்கின்றன. இரண்டுக்கும் சாலையும் இல்லை, மின்சாரமும் இல்லை. கனமான பொருட்கள் பருவத் தொடக்கத்தில் ஹெலிகாப்டரில் வருகின்றன. மற்றதை வேலை செய்பவர்களே முதுகில் சுமந்து ஏறுகிறார்கள். அதை நினைத்துக்கொண்டால் ஒரு கோப்பைத் தேநீரின் விலை உறுத்தாது.

ஆக்னெஸ் ஏரித் தேநீர்க் கடை 2,135 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஒரு பக்கம் சுமார் 3.5 கி.மீ., ஏற்றம் 400 மீட்டர் அளவு. போய்வர மூன்று மணி நேரம், வரிசையில் நிற்பது தனி. 1901-இல் மலையேறுபவர்கள் ஒதுங்குவதற்காக ரயில்வே நிறுவனம் கட்டியது, 1905 முதல் தேநீர். கனடாவின் முதல் பிரதமர் மெக்டொனால்டின் மனைவி ஆக்னெஸின் பெயர் ஏரிக்கு. வழியில் மிரர் லேக் என்ற குட்டை வரும். பாதி தாண்டிவிட்டோம் என்பதற்கு அது அடையாளம்.

பிளெய்ன் ஆஃப் சிக்ஸ் கிளேசியர்ஸ், அதாவது ஆறு பனியாறுகளின் சமவெளி, என்ற மற்ற கடைக்கு ஒரு பக்கம் 5.3 கி.மீ., ஏற்றம் 365 மீட்டர், போய்வர நான்கு மணி நேரம். 1927-இல் சுவிஸ் மலை வழிகாட்டிகள் கட்டியது. தூரம் கூடுதல், ஆனால் முதல் 2 கி.மீ. அளவு கரையோரச் சமதளம் என்பதால் கால் வலி குறைவு. விக்டோரியா பனியாற்றுக்கு நேர் எதிரே போய் உட்காரலாம். பனிக்கட்டி இடிந்து விழும் சத்தம் இடி மாதிரி கேட்கும்.

ஒன்றுதான் முடியும் என்றால் இரண்டாவதற்குப் போங்கள். ஆக்னெஸ் கடைக்குப் புகழ் அதிகம், நண்பகலில் வரிசை அதைவிட அதிகம். தெம்புள்ளவர்கள் பிக் பீஹைவ் குன்று வழியாக இரண்டையும் ஒரே சுற்றில் முடிக்கலாம். 14, 15 கி.மீ. வரும், முழு நாள் ஒதுக்குங்கள்.

ரொக்கம் எடுத்துப் போங்கள். மேலே அட்டையை நம்பி வெறுங்கையோடு இறங்கியவர்கள் நிறைய. கடைகள் ஜூன் முதல் அக்டோபர் தொடக்கம் வரைதான்.

கரடி வருமா?

வரும், அது அதன் ஊர். கருங்கரடியும் கிரிஸ்லியும் இந்தப் பள்ளத்தாக்கில் உண்டு. ஜூலை நடுவிலிருந்து எருமைப்பழம் எனும் சிவப்புப் பழத்தைத் தேடிப் பாதையோரப் புதர்களுக்கே வரும்.

கரையில் ஆயிரம் பேர் நடுவே நிற்கும்போது பயமில்லை. காட்டுப் பாதையில் ஏறுவதானால் பேர் ஸ்ப்ரே (bear spray) எனும், கரடியை விரட்டும் மிளகாய்த் தெளிப்பான் வேண்டும். பையின் அடியில் வைத்தால் அது வெறும் எடை. இடுப்பிலோ தோள்பட்டையிலோ, ஒரு கையால் எடுக்கும்படி மாட்டுங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள். கரடி நெருங்கி வந்தால் பாதுகாப்புக் கொக்கியை நீக்கி, சுமார் 5 முதல் 10 மீட்டர் தொலைவில், சற்றுத் தாழ்த்தி, அதன் முகத்துக்கு முன்னால் மேகம் போலப் படரும்படி அடிக்க வேண்டும். சில நொடிகளில் டப்பா தீர்ந்துவிடும், வீணாக்காதீர்கள். கொசு மருந்து மாதிரி உடம்பில் தெளித்துக்கொள்ளும் பொருள் அல்ல. அப்படிச் செய்து கண்ணெரிந்து தவித்தவர்கள் உண்டு. விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுபோக முடியாது, ஆகவே வாடகைக்கு எடுப்பது புத்திசாலித்தனம்.

அதற்கு முன் செய்ய வேண்டியது: சத்தமாகப் பேசிக்கொண்டே நடப்பது. குடும்பமாகப் போகும் நம்மவர்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. கண்ணில் பட்டால் ஓடாதீர்கள்; கூட்டமாகச் சேர்ந்து மெல்லப் பின்வாங்குங்கள். கரடிக்கு 100 மீட்டர், எல்க், மான், மலையாடு போன்றவற்றுக்கு 30 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மொரெய்னைச் சுற்றியுள்ள சில பாதைகளில் ஆண்டின் சில வாரங்கள் குறைந்தது நான்கு பேர் நெருக்கமாகச் சேர்ந்து நடப்பது சட்டப்படி கட்டாயம். தொடக்கத்தில் உள்ள பலகையைப் படியுங்கள்.

என்ன உடுத்துவது?

ஜூலைப் பகலில் 20 டிகிரி, அதே இரவில் 4, 5 டிகிரி. எந்த மாதமும் பனி பெய்யலாம். ஒரே தடித்த ஜாக்கெட்டைவிட மெல்லிய உடுப்பு, கம்பளிச் சட்டை, காற்று மழை தாங்கும் மேலாடை என மூன்று அடுக்கு நல்லது. பருத்தியும் ஜீன்ஸும் நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். பட்டுப்புடவையில் படமெடுக்க ஆசையா, எடுத்துக்கொள்ளுங்கள். காலில் மட்டும் பிடிப்புள்ள காலணி இருக்கட்டும்.

ஏரியில் இறங்கிக் குளிக்கலாமா? படகு உண்டா?

தடையில்லை, ஆனால் குளிக்கும் ஏரி அல்ல. உருகிய பனிநீர், கோடையிலும் 4, 5 டிகிரியைச் சுற்றித்தான். திடீரென இறங்கினால் மூச்சு தானாக இழுக்கும், அந்த நேரம் தலை நீருக்குள் இருந்தால் ஆபத்து. சில நிமிடத்தில் கைகால் மரத்துவிடும். ஆழம் 70 மீட்டர் வரை போகிறது. கால் நனையுங்கள், அது போதும். குடிப்பதற்கும் அந்தத் தண்ணீர் வேண்டாம். தெளிந்த ஓடையிலும் ஜியார்டியா கிருமி இருக்கலாம்.

கரையில் சிவப்புக் கனூ வாடகைக்குக் கிடைக்கும். அரை மணி நேரத்துக்கு 150 டாலரைத் தாண்டிவிட்டது. படகுக்குத்தான் விலை, ஆளுக்கல்ல. பணத்துக்கேற்ற பொருளா என்றால், இல்லை என்பதே எங்கள் கருத்து. அதே தொகைக்குக் குடும்பமே இரண்டு தேநீர்க் கடையிலும் சாப்பிடலாம். சொந்தப் படகு கொண்டுவந்தால், ஊதும் படகு உட்பட, சுத்தம் செய்து உலர்த்திய உறுதிமொழிப் படிவம் வேண்டும். வெளியூர் நீரிலிருந்து மீன் நோய்கள் ஒட்டிவரக் கூடாது என்பதற்காக.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? சமைக்க முடியுமா?

ஊரில் சாம்சன் மால் என்ற சிறு கடைத்தொகுதி இருக்கிறது. பெயர்தான் மால், மளிகைக் கடை, காபி, ரொட்டிக் கடை, மலையேற்றப் பொருட்கள், பார்வையாளர் மையம், அவ்வளவுதான். சாண்ட்விச், சூப், பீட்சா கிடைக்கும். சோறு, குழம்பு வேண்டுமென்றால் கால்கரியிலேயே மளிகை வாங்கி வாருங்கள். 1910-இல் கட்டிய மரத்தாலான பழைய ரயில் நிலையம் இப்போது உணவகம். சாப்பிடாவிட்டாலும் பார்க்கத் தகுந்தது.

புளியோதரை, தயிர்சாதம், சப்பாத்தி கட்டிக்கொண்டு போவதுதான் சுலபம். கூடாரமடித்துச் சமைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த உயரத்தில் தண்ணீர் 94, 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் சோறு வேகக் கூடுதல் நேரமும் தண்ணீரும் ஆகும், துவரம்பருப்பு வேகவே வேகாது போலிருக்கும். சிறு குக்கர் கொண்டுவந்தால் தப்பித்தீர்கள்.

சாப்பிட்டு முடித்ததும் பாத்திரம், எண்ணெய், குப்பை, பற்பசை, சோப்பு உட்பட வாசனையுள்ள எல்லாவற்றையும் காருக்குள்ளோ உணவுப் பெட்டிக்குள்ளோ பூட்டிவிட வேண்டும். கூடாரப் பகுதியைச் சுற்றி மின்வேலி இருக்கிறது என்று மெத்தனம் வேண்டாம். காவலர் ரோந்து வருவார், வெளியே கிடந்தால் அபராதம். மனிதச் சாப்பாட்டுக்குப் பழகிய கரடியைக் கடைசியில் கொல்ல நேர்கிறது. நடுவே கைநீட்டும் தரை அணிலுக்குக் கடலை போடுவதும் இதே குற்றம்தான்.

ஊரில் தங்குவதா, வேறெங்காவதா?

ஊரில் அறைகள் குறைவு, விலை அதிகம், இரவு சரக்கு ரயில் ஊதும். தூக்கம் லேசானவர்கள் ரயில் பாதையிலிருந்து தள்ளி அறை கேளுங்கள். கையைக் கடிக்காத இடம் வேண்டுமென்றால் இளைஞர் விடுதி, அதில் குடும்ப அறையும் பொதுச் சமையலறையும் உண்டு. இல்லாவிட்டால் பான்ஃப், கான்மோர். மேற்கே 27 கி.மீ.யில் ஃபீல்ட் என்ற மிகச்சிறிய ஊர்.

ஏன் இவ்வளவு சின்ன ஊர் என்று கேட்பார்கள். நிலம் முழுக்க அரசுடையது, யாரும் விலைக்கு வாங்க முடியாது, குத்தகை மட்டும்தான். அங்கே வேலையோ தொழிலோ இருந்தால்தான் குடியிருக்கலாம். காபி ஊற்றித் தருபவர் பெரும்பாலும் பருவ வேலைக்கு வந்த வெளிநாட்டு இளைஞராக இருப்பது அதனால்தான்.

பெயர் எப்படி வந்தது?

ஸ்டோனி நகோடா மக்கள் இதைச் சிறு மீன்களின் ஏரி என்று அழைத்தார்கள். 1882-இல் ரயில் பாதை போட வந்தவர்களுக்குப் பொதி சுமந்த டாம் வில்சனை ஸ்டோனி வழிகாட்டி ஒருவர் இங்கே அழைத்துவந்தார். வில்சன் எமரால்ட் லேக் என்றார். 1884-இல் விக்டோரியா அரசியின் மகள் லூயிஸ் கரோலின் ஆல்பர்ட்டாவின் பெயருக்கு மாற்றினார்கள். மாகாணத்துக்கும் அவர் பெயரே. 1890-இல் கரையில் ரயில்வே கட்டிய மரக் குடில்தான் இன்றைய பெரிய விடுதியின் விதை.

பனியாறு சுருங்குகிறதா?

ஆம். அதன் விளைவு இங்கே கண்ணுக்குத் தெரியும்படியே நடந்திருக்கிறது. விக்டோரியா, லெஃப்ராய் மலைகளுக்கு நடுவே 2,925 மீட்டர் உயரத்தில் 1922-இல் சுவிஸ் வழிகாட்டிகள் கல்லால் கட்டிய அபட் பாஸ் குடில் நூறாண்டு நின்றது. அடியில் உறைந்திருந்த சரிவு இளகி மண் சரியத் தொடங்கியதால் 2022-இல் பிரித்தெடுத்துவிட்டார்கள். பழைய புத்தகங்களில் அந்தக் குடிலைப் பார்த்துவிட்டு வழி கேட்பவர்கள் இன்னும் உண்டு. பனியாறே இல்லாமல் போனால் பாறை மாவும் வராது, ஏரியும் மற்ற மலை ஏரிகளைப் போலத் தெளிந்துவிடும்.

குளிர்காலத்தில் போகலாமா?

போகலாம், அது முற்றிலும் வேறு இடம். டிசம்பர் நடுவிலிருந்து உறைந்த ஏரியில் விடுதிக்கு எதிரே பனியைத் தள்ளிச் சறுக்கு மேடை அமைப்பார்கள். ஸ்கேட் வாடகைக்குக் கிடைக்கும். பார்க்கிங் கட்டணம் இல்லை. இரவில் மைனஸ் 20 சர்வசாதாரணம். கேமரா பேட்டரியை உள்சட்டைப் பையில் வையுங்கள். காலணியில் மாட்டும் இரும்புப் பற்கள் வாங்கிக்கொண்டால் விழமாட்டீர்கள்.

ஏரியின் மறுகோடியும் ஆக்னெஸ் பாதையும் பனிச்சரிவுப் பகுதிகள். பயிற்சியும் கருவிகளும் இல்லாமல் அந்தப் பக்கம் போகக் கூடாது. ஜாஸ்பர் செல்லும் சாலையில் நவம்பர் முதல் மார்ச் முடியும் வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். வாடகைக் கார் எடுக்கும்போது டயரைக் குனிந்து பார்த்து, பக்கவாட்டில் மலையும் பனித்துகளும் பொறித்த சின்னம் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்; கேட்காவிட்டால் கோடை டயரோடு தந்துவிடக்கூடும்.

ட்ரோன் பறக்கவிடலாமா? ஒரு கல் எடுத்து வரலாமா?

இரண்டும் கூடாது. தேசியப் பூங்காவில் ட்ரோனுக்கு 25,000 டாலர் வரை அபராதம் போகலாம். கல், பூ, கொம்பு எதுவும் அதன் இடத்திலேயே இருக்கட்டும்.

ஒரே நாள்தான் இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

காலை 8 மணி வரம்பில் ஷட்டில் பிடித்து முதலில் மொரெய்ன். கற்குவியல் ஏறி, கரையோரம் நடந்து, 10.30 அளவில் இணைப்புப் பேருந்துக்கு வரிசை. 11.30-க்கு லூயிஸ். கட்டுச்சோற்றைக் கரையோரப் பாதையின் நடுவே எங்காவது உட்கார்ந்து முடியுங்கள், விடுதி முன்னால் உட்கார்ந்தால் பறவைகள் விடாது. பிறகு ஆறு பனியாறுகளின் பாதையில் முடிந்தவரை போய்த் திரும்புங்கள். கடை வரை போயே ஆக வேண்டும் என்பதில்லை, மூன்றாவது கிலோமீட்டரிலிருந்தே காட்சி விரியத் தொடங்கிவிடும். மாலை 5 மணிக்குத் திரும்பும் பேருந்து வரிசை நீளம். 4 மணிக்கே வந்துவிடுங்கள், அல்லது 6 மணி தாண்டி வாருங்கள்.